பம்பர் விரிசலுக்கு இன்ஷூரன்ஸ் கேட்பதா, கைக்காசில் சரிசெய்வதா?

கேள்வி: மதுரையில் வசிக்கிறேன். என்னுடையது 1,200 சி.சி. கார்; இப்போது நடப்பது ஐந்தாம் ஆண்டு பாலிசி. காரைப் பின்னால் எடுக்கும்போது எதிர்வீட்டு இரும்பு கேட்டில் இடித்துவிட்டேன். பின்பக்க பம்பரின் ஓரம் விரிசல் விட்டுப் பெயிண்ட் உரிந்திருக்கிறது. கேட்டின் கம்பி வளைந்துவிட்டதால் எதிர்வீட்டுக்காரர் ரூ.2,000 கேட்கிறார். யாருக்கும் காயம் இல்லை. சர்வீஸ் சென்டரில் பம்பரை மாற்ற ரூ.9,500 ஆகும் என்கிறார்கள். தெரிந்த பட்டறையில் பட்டி வைத்துப் பெயிண்ட் அடிக்க ரூ.3,500 கேட்கிறார்கள். இதுவரை கிளெய்ம் எதுவும் செய்யாததால் 45 சதவீத நோ கிளெய்ம் போனஸ் கிடைத்து வருகிறது. போனஸ் கழிப்பதற்கு முன் சொந்தச் சேதத்துக்கான பிரீமியம் ரூ.12,000. இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்குச் சொல்லாமல் நானே சரிசெய்தால் சட்டப்படி தவறா? பிறகு தேவைப்பட்டால் கிளெய்ம் செய்ய முடியுமா?

பதில்: உங்கள் காருக்கு ஏற்பட்ட சேதத்தைப் பொறுத்தவரை, இழப்பீடு கேட்பது உங்கள் உரிமையே தவிரக் கடமை அல்ல, கேட்காமல் விட்டுவிடுவதில் எந்தத் தவறும் இல்லை. ஆனால், எதிர்வீட்டு கேட்டும் சேதமடைந்திருப்பதால், யாருக்குமே தெரிவிக்காமல் இருந்துவிடலாம் என்ற முடிவுக்கு மட்டும் வந்துவிடாதீர்கள். அந்த விஷயத்துக்குப் பிறகு வருகிறேன்.

முதலில் பணக் கணக்கைப் பார்ப்போம். பில் ரூ.9,500 என்பதற்காக அந்தத் தொகை முழுவதும் கைக்கு வந்துவிடாது. பிளாஸ்டிக் பாகங்களுக்கு, காரின் வயது எதுவானாலும், 50 சதவீதம் தேய்மானமாகக் கழிக்கப்படும். பெயிண்ட் வேலைக்கு ஒரே பில்லாகத் தந்தால், அதில் 25 சதவீதத்தைப் பொருளின் விலையாகக் கொண்டு அதில் பாதியைக் கழிப்பார்கள். இவற்றோடு, 1,500 சி.சி.க்கு உட்பட்ட கார்களுக்கு ஒவ்வொரு கிளெய்மிலும் ரூ.1,000-ஐ உரிமையாளர் கட்டாயமாக ஏற்க வேண்டும். உங்கள் பில்லில் பம்பர் ரூ.5,000, பெயிண்ட் ரூ.3,600, கூலி ரூ.900 என்று வைத்துக்கொண்டால், மொத்தம் ரூ.3,950 கழிந்து ரூ.5,550 கிடைக்கும். தேய்மானம் கழிக்காத ‘ஜீரோ டெப்’ பாலிசியாக இருந்தாலும் ரூ.8,500-க்கு மேல் வராது.

இழப்பது எவ்வளவு என்று பாருங்கள். இந்த ஆண்டும் கிளெய்ம் இல்லையென்றால் அடுத்த புதுப்பித்தலில் உங்கள் போனஸ் 50 சதவீதமாக உயர்ந்து, பிரீமியம் ரூ.6,000 ஆகும். கிளெய்ம் செய்தால் போனஸ் முழுவதும் போய், அடுத்த ஆண்டு ரூ.12,000 கட்ட வேண்டும். அதன்பின் 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று முதல் படியிலிருந்தே மீண்டும் ஏற வேண்டும். பிரீமியம் மாறாது என்று கொண்டால், அந்த ஆண்டுகளில் நீங்கள் கூடுதலாகக் கட்டும் தொகை, ஜி.எஸ்.டி. நீங்கலாக, ரூ.15,000. பாலிசியில் போனஸைக் காக்கும் கூடுதல் பாதுகாப்பு இருந்தால் இந்தக் கணக்கு மாறும். அதைப் பாலிசி அட்டவணையில் பார்த்துக்கொள்ளுங்கள். அது இல்லையென்றால், பட்டறையில் ரூ.3,500 கொடுத்துச் சரிசெய்வதே உங்களுக்கு லாபம் என்பது என் உறுதியான கருத்து.

இருந்தாலும் பட்டி வைப்பதற்கு முன்னால் பம்பரைக் கழற்றி, அதன் பின்னுள்ள பிராக்கெட், உள்கம்பி, பார்க்கிங் சென்சார் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே சேதம் பெரிதாக இருந்தால், வேலையை அங்கேயே நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டு உடனே நிறுவனத்துக்குத் தெரிவியுங்கள். ஏனெனில், பழுதுபார்த்த பிறகு கிளெய்ம் கேட்டால் பெரும்பாலும் கிடைக்காது. விபத்து நடந்தவுடன் எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும் என்பது பாலிசியின் முதல் நிபந்தனை. தாமதம் ஒன்றையே காரணம் காட்டி நியாயமான கோரிக்கையை நிராகரிக்கக் கூடாது என்று 2017-இல் ஒரு வாகனத் திருட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியிருப்பது உண்மைதான்; ஆனால் தாமதத்துக்கு ஏற்கத்தக்க விளக்கம் இருந்த வழக்கு அது. நிறுவனம் சேதத்தைப் பார்க்கவே வாய்ப்பில்லாமல் வேலையை முடித்துவிட்டவருக்கு அந்தத் தீர்ப்பு எளிதில் கைகொடுக்காது.

இதைவிட ஆபத்தான இன்னொரு யோசனையைப் பட்டறைகளில் சொல்வார்கள்: இப்போதைக்கு அப்படியே விட்டுவிட்டு, அடுத்து எங்காவது இடித்தால் இரண்டையும் ஒரே விபத்தாகக் காட்டி வாங்கிக்கொள்ளலாம் என்பார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். வெவ்வேறு நாட்களில் நடந்த மோதல்கள் வெவ்வேறு கிளெய்ம்கள். பழைய விரிசலில் படிந்த அழுக்கு, சேதத்தை மதிப்பிட வரும் அனுபவமுள்ள சர்வேயரின் கண்ணுக்குத் தப்பாது. பொய்யான தகவல் என்று தெரியவந்தால், உண்மையான சேதத்துக்கான பணத்தையும் சேர்த்து இழக்க நேரிடும்.

இனி கேட் விஷயம். மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 134-ஆம் பிரிவு, விபத்தில் ஒருவர் காயமடைந்தால் மட்டுமல்லாமல், மூன்றாம் நபரின் சொத்து சேதமடைந்தாலும் பொருந்தும். அதன்படி, காவலர் யாரும் அங்கு இல்லாதபோது 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள காவல் நிலையத்துக்கு ஓட்டுநர் தகவல் தர வேண்டும்; காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். வளைந்த கம்பிக்காக யாரும் வழக்குப் போடுவதில்லை என்பது நடைமுறை. ஆனாலும் சட்டம் சேதத்தின் அளவைப் பார்த்து விலக்கு அளிக்கவில்லை. ஆகவே பாலிசி எண், நாள், நேரம், இடம், ஓட்டுநர் உரிமத்தின் விவரம் ஆகியவற்றுடன் நிறுவனத்துக்கு இன்றே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். அதில் "இது தகவலுக்காக மட்டுமே, சொந்தச் சேதத்துக்கு இழப்பீடு கோரவில்லை" என்று தெளிவாக எழுதுங்கள். அதையும் மீறி அவர்கள் கிளெய்ம் எண் போட்டுவிட்டால், அதைத் திரும்பப் பெறுவதாக எழுதி, தொகை ஏதும் வழங்காமல் முடிக்கப்பட்டதற்கான உறுதியைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். போனஸ் குறித்து அடுத்த ஆண்டு கேள்வி எழுந்தால் அதுவே உங்கள் சான்று.

எதிர்வீட்டுக்காரருக்குப் பணம் கொடுப்பதற்கு முன்பே இந்த மின்னஞ்சல் போய்விட வேண்டும். நிறுவனத்தின் எழுத்துமூலமான சம்மதம் இல்லாமல் தவறை ஒப்புக்கொள்வதோ, பணம் தருவதாக வாக்களிப்பதோ கூடாது என்றும் பாலிசியில் நிபந்தனை இருக்கிறது. நாளை அவர் மதில் முழுவதும் விரிசல் விட்டதாகச் சொல்லித் மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போனால், நிறுவனம் அந்த நிபந்தனையைக் காட்டி ஒதுங்கிக்கொள்ள இடம் கொடுக்கக் கூடாது. அந்த மின்னஞ்சலிலேயே சம்மதமும் கேளுங்கள்; அது எழுத்தில் வந்த பிறகு ரூ.2,000-ஐ அவருடைய வங்கிக் கணக்குக்கு அனுப்பி, இன்ன தேதியில் நடந்த விபத்தில் கேட்டுக்கு ஏற்பட்ட சேதத்துக்கான முழுத் தொகையும் பெற்றுக்கொண்டதாகவும், இது குறித்து இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்றும் அவர் கையெழுத்திட்ட ரசீதை வாங்கிவிடுங்கள். தவறு யாருடையது என்று அந்த ரசீதில் ஒரு வரிகூட இருக்க வேண்டாம்.