ஃபைனல் இயர் சர்ஜரி பரீட்சைக்குச் சில வாரங்களே இருக்கின்றன. முக்கியமானவற்றை எப்படி ரிவைஸ் செய்வது?

உங்கள் நிலைமை எனக்குத் தெரியும். தடிப் புத்தகம் பாதியில் நிற்கும். போனில் பார்க்காத வீடியோக்கள் குவிந்து கிடக்கும். ஹாஸ்டலில் பக்கத்து ரூம்காரன் இரண்டாவது ரிவிஷனும் முடித்துவிட்டதாகச் சொல்லி வயிற்றில் புளியைக் கரைத்திருப்பான். நான் சென்னையில் அரசு மருத்துவக் கல்லூரியில் படித்து, இப்போது சர்ஜரியில் இருப்பவன். என் பதில் இதுதான்: இனிப் புதிதாக எதையும் திறக்காதீர்கள். படித்ததைப் புத்தகத்தை மூடிவிட்டு, 'ஏன்' என்ற காரணத்தோடு வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

இது வெறும் மனப்பாடம் என்று யாராவது வருவார்கள். இல்லை. ஹெர்னியாவில், அதாவது தொடையிடுக்குக் குடலிறக்கத்தில், டீப் ரிங் என்ற உள்துளையைக் கட்டைவிரலால் அடைத்து இருமச் சொல்கிறோம். வீக்கம் வராவிட்டால் இன்டைரக்ட் வகை, விரலுக்கு உள்பக்கமாக வந்தால் டைரக்ட் வகை. இதோடு நிறுத்தினால்தான் மனப்பாடம். இன்டைரக்ட் டீப் ரிங் வழியாக, இன்ஃபீரியர் எபிகாஸ்ட்ரிக் ரத்தக்குழாய்க்கு வெளிப்பக்கமாக வருகிறது. டைரக்ட் அதற்கு உள்பக்கம், அடிவயிற்றுச் சுவர் பலவீனமாக இருக்கும் ஹெசல்பாக் முக்கோணத்தில் வருகிறது. இதையும் சேர்த்துச் சொன்னால் எக்ஸாமினர் எந்தப் பக்கம் திருப்பினாலும் நிற்பீர்கள்.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது ஒருநாள் இரவு கேஷுவாலிட்டிக்குத் திருவள்ளூர் பக்கத்திலிருந்து ஒரு அக்காவைக் கொண்டுவந்தார்கள். அடுப்படியில் சேலையில் தீப்பிடித்திருந்தது. எடை சுமார் 60 கிலோ, 40 சதவீதத் தீக்காயம். ட்யூட்டி பி.ஜி. அண்ணன், "ஃப்ளூயிட் எவ்வளவுடா?" என்றார். நான் முதலில் அந்த அக்காவின் கணவரிடம், "எத்தனை மணிக்குங்க தீப்பிடிச்சது?" என்று கேட்டேன். மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. தீக்காயத்துக்கு முதல் 24 மணி நேரத்தில் ஏற்ற வேண்டிய திரவத்தைச் சொல்லும் பார்க்லண்ட் கணக்கில் (4 மில்லி × எடை × தீக்காயச் சதவீதம்) 4 × 60 × 40, அதாவது 9,600 மில்லி ரிங்கர் லாக்டேட். அதில் பாதி, 4,800, முதல் 8 மணி நேரத்துக்குள் போக வேண்டும். அந்த 8 மணி நேரம் தீப்பட்ட நேரத்திலிருந்து ஓடுகிறது, ஆஸ்பத்திரிக்கு வந்த நேரத்திலிருந்து அல்ல. மிச்சம் ஐந்து மணி நேரம்தான், ஆக மணிக்கு 960. ஹாஸ்டல் மொட்டை மாடியில் நடந்துகொண்டே இதை உரக்கச் சொல்லிச் சொல்லிப் படித்தவன் நான். பைத்தியம் என்று கேலி செய்தவர்கள் உண்டு. அன்றைக்கு யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை. காலையில் யூரின் பையைப் பார்த்தபோது அளவு சரியாக இருந்தது.

விபத்துச் சிகிச்சை வழிகாட்டியான ஏ.டி.எல்.எஸ். இப்போது பெரியவர்களுக்கு அந்த 4 மில்லிக்குப் பதில் 2 மில்லியில் தொடங்கச் சொல்கிறது என்று திருத்த வருபவர்களுக்கு: தெரியும். எந்தச் சூத்திரமானாலும் அது தொடக்கம்தான். அப்புறம் கிலோவுக்கு மணிக்கு அரை மில்லி யூரின் வருகிறதா என்று பார்த்து ஏற்றி இறக்க வேண்டும். வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், இரண்டையும் சொல்லுங்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று, ஆனாலும் மனசு கேட்கவில்லை. பிராக்டிகல் அன்று கேஸாகப் படுக்க வைக்கப்படும் தாத்தாவை வரிசையாக எத்தனை பேர் இருமச் சொல்கிறார்கள்! ஸ்கிரீன் இழுத்துவிடாமல், பெயர்கூடக் கேட்காமல் வேட்டியை விலக்குகிறார்கள். சாப்பிட்டாரா என்று கேட்க ஒரு ஆள் இல்லை. நான் பார்த்த இடங்களில் இதற்காக யாரும் வெட்கப்பட்டதில்லை. எனக்கு இன்றைக்கும் ஆத்திரமாக வருகிறது.

சரி, உங்கள் விஷயம். தைராய்டு, மார்பகக் கட்டி, ஹெர்னியா, வெரிகோஸ் வெயின், கால் புண், மஞ்சள் காமாலை. லாங் கேஸ், ஷார்ட் கேஸ் பெரும்பாலும் இவற்றைச் சுற்றியே வரும், இவற்றை முதலில் முடியுங்கள். இன்ஸ்ட்ருமென்டும் எக்ஸ்ரேயும் மாலையில் நண்பனோடு. ஆர்த்தோவைக் கடைசி நாளுக்குத் தள்ளாதீர்கள், அதுவும் சர்ஜரி பேப்பரில்தான் வருகிறது.