பழ ஈ உட்கார்ந்த பழத்தைக் குழந்தை சாப்பிட்டுவிட்டது, பயமாக இருக்கிறது – பதில்

பத்து மாதக் குழந்தை, ஈ மொய்த்த வாழைப்பழத்தைத் தின்றுவிட்டது, இந்த ஈ கடிக்குமா என்றும் கேட்டிருந்தீர்கள். பதறாதீர்கள். பழ ஈக்குக் கடிக்கவும் தெரியாது, கொட்டவும் தெரியாது. புளித்த பழச்சாற்றை ஒற்றி உறிஞ்சும் வாய்தான் அதற்கு. பழத்தோடு இரண்டொரு முட்டை உள்ளே போயிருந்தாலும் பெரும்பாலும் செரித்துவிடும். வாந்தி, வயிற்றுப்போக்கு, காய்ச்சல் என்று ஏதாவது தெரிந்தால் மட்டும் தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

அதற்காக ஈயை அப்படியே விட்டுவிடவும் வேண்டாம். குப்பைக்கூடையில் உட்கார்ந்த கால்களோடுதான் அது உணவுக்கு வருகிறது. கிருமி ஒட்டி வரலாம். குழந்தையின் கிண்ணத்தை எப்போதும் மூடி வையுங்கள்.

பறப்பவற்றை அடித்துப் பயனில்லை. 25 டிகிரி வெப்பத்தில் முட்டை ஏறக்குறைய 10 நாளில் ஈயாகிவிடும், ஒரு பெண் ஈ நூற்றுக்கணக்கில் முட்டையிடும். எங்கே பெருகுகிறது என்று தேடுங்கள். எங்கள் வீட்டில் கூடையின் அடியில் அழுகிய ஒரே ஒரு உருளைக்கிழங்குதான் காரணம். அதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வாரம் ஆனது! ஈரத் துடைப்பான், காலி பாட்டிலின் அடிமண்டி, இவற்றையும் பாருங்கள்.

மிச்சமிருக்கும் ஈக்களுக்கு, கிண்ணத்தில் கொஞ்சம் வினிகர், ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம். சோப்பு கலந்தால் ஈ மேலே நிற்க முடியாமல் மூழ்கிவிடும். குழந்தைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். பூச்சிமருந்து மட்டும் சமையலறையில் அடிக்காதீர்கள், தயவுசெய்து. ஈயைவிட அதுதான் குழந்தைக்கு ஆபத்து.