சண்டை இல்லாத வீட்டுக்கும் உயில் வேண்டும்

கேள்வி: எங்களுக்குக் காரைக்குடி பக்கம் ஒரு கிராமம். ஐயாவின் (தாத்தாவின்) அப்பா கட்டிய பெரிய வீட்டில் எங்களுக்கும் பெரியப்பா வீட்டுக்கும் பங்கு. அதுபோகக் காரைக்குடியில் அப்பச்சி (அப்பா) சொந்தமாக வாங்கிய வீடு, பேங்க் டெபாசிட், கொஞ்சம் ஷேர் இருக்கின்றன. அப்பச்சிக்கு 76 வயது, ஆத்தாவுக்கு (அம்மாவுக்கு) 70. அப்பத்தா 95 வயதிலும் திடமாக இருக்கிறார்கள். நான் சிங்கப்பூரில், தங்கச்சி கோயம்புத்தூரில். உயில் பேச்செடுத்தால் அப்பச்சி, “நாம என்ன அடிச்சுக்கிற குடும்பமா? எல்லாத்துக்கும் நாமினி போட்டிருக்கேன்” என்கிறார்கள். உயில் அவசியம்தானா?

பதில்: அவசியம். உங்கள் வீட்டில் சண்டை வராது என்றே வைத்துக்கொள்வோம். சண்டையே இல்லாத வீடுகளும் கையெழுத்து சேராமல் அப்படியே நின்றுபோனதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

முதலில் காரைக்குடி வீடு. அப்பச்சி உயில் எழுதாமல் காலமானால், 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அது முதல் வகுப்பு வாரிசுகளுக்குச் சமமாகப் போகும். மனைவி, மகன், மகள் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். இறந்தவரின் தாயாரும் அந்த வரிசையில் உண்டு. ஆத்தா, நீங்கள், தங்கச்சி, அப்பத்தா, ஆளுக்குக் கால் பங்கு. பிறகு அப்பத்தாவும் எழுதி வைக்காமல் போனால், அந்தக் கால் பங்கில் பெரியப்பாவுக்கும் அத்தைமாருக்கும் உரிமை வரும். அவர்களில் ஒருவர் இல்லையென்றால் அவர் பிள்ளைகளுக்கு. ஆத்தா குடியிருக்கிற வீட்டை விற்க இத்தனை பேர் கையெழுத்துப் போட வேண்டும். யாரும் கெட்டவர்களாக இருக்கத் தேவையில்லை. ஒருவர் மலேசியாவில், ஒருவர் படுத்த படுக்கையில், ஒரு பங்கு மைனர் பெயரில் என்றால் போதும். மைனர் பங்கை விற்க நீதிமன்ற அனுமதி வேறு வாங்க வேண்டும்.

பெரிய வீட்டுக் கதை இன்னும் சிக்கல். நடு முற்றத்தைச் சுற்றிக் கட்டிய ஒரு செட்டிநாட்டு வளவு வீட்டில் இரண்டாம் கட்டின் ஓடு சரிந்து, மழைத் தண்ணீர் பர்மாத் தேக்குத் தூண் வழியாக இறங்கிக்கொண்டிருந்ததை நின்று பார்த்தேன். தூணின் அடியில் விரலை வைத்தால் மரம் மாவாக உதிர்ந்தது. பங்காளிகளிடம் காசு இருந்தது, மனசும் இருந்தது. ஆனால் மூன்று தலைமுறையாக யாரும் எழுதி வைக்காததால், தன் பங்கு எவ்வளவு என்று யாருக்கும் தெரியவில்லை. தெரியாத பங்குக்கு எவர் காசு போடுவார்?

உயில் எழுதினால் வீடு பிரிந்துவிடும், முன்னோருக்கு எல்லோரும் கூடிச் செய்யும் படைப்பு நின்றுவிடும் என்று பெரியவர்கள் பயப்படுவதுண்டு. உயில் பாகப்பிரிவினை ஆகாது. வீடு பொதுவாகவே இருக்கும், அப்பச்சியின் பங்கு அடுத்து யாருக்கு என்பது மட்டும் தெளிவாகும். பெரியப்பா பங்கை அப்பச்சி எழுத முடியாது. வீடு பூர்வீகச் சொத்து என்ற கணக்கில் வந்தால் உங்களுக்கும் தங்கச்சிக்கும் பிறப்பாலேயே சம உரிமை உண்டு. மகளின் அந்த உரிமையை 2005 திருத்தம் தந்தது, 2020-இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. அந்த உரிமையையும் உயிலால் எடுக்க முடியாது. அதனால் மூலப்பத்திரங்களை வழக்கறிஞரிடம் காட்டுங்கள். உயிலில் பின்னக் கணக்குப் போடாமல் “எனக்குரிய பங்கு முழுவதும்” என்று எழுதுவது நல்லது. அந்தப் பங்கை ஒருவருக்கே எழுதி, மற்றவருக்கு டெபாசிட்டில் ஈடு செய்யலாம் என்பது என் எண்ணம். கையெழுத்துகள் பெருகாமல் இருக்கும்.

நாமினி விஷயம்: பேங்க் பணத்தை நாமினியிடம் கொடுக்கும், ஆனால் அந்தப் பணம் வாரிசுகளுடையது. ஷேருக்கும் அப்படித்தான் என்று 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

எழுதுவது எளிது. முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். அப்பச்சி கையெழுத்துப் போடுவதை இரண்டு சாட்சிகளாவது பார்த்து, அவர்களும் கையெழுத்திட வேண்டும். பின்னால் வழக்கு வந்தால் சாட்சிகளில் ஒருவராவது நீதிமன்றத்தில் சொல்ல வேண்டியிருக்கும். ஆகவே அப்பச்சியைவிட இளையவராக, உள்ளூரில் இருப்பவராக, சொத்தில் எதுவும் பெறாதவராகப் பாருங்கள். குடும்ப டாக்டர் ஒருவர் சாட்சியாக இருந்தால் நல்லது, அந்த வயதில் சுயநினைவோடுதான் எழுதினார் என்பதற்கு அது பெரிய பலம். பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுங்கள் என்றுதான் சொல்வேன். பதிந்த பிறகும் உயிரோடு இருக்கும்வரை மாற்றி எழுதலாம், கடைசியாக எழுதியதே செல்லும். இதை அப்பச்சியிடம் அழுத்திச் சொல்லுங்கள். எழுதிவிட்டால் சொத்து கையை விட்டுப் போய்விடும் என்ற நினைப்புதான் பாதிப் பேரைத் தடுக்கிறது. உயிரோடு இருக்கும்போதே சொத்தை மாற்றிக்கொடுக்கும் செட்டில்மெண்ட் பத்திரம் எழுதினால்தான் உடனே போகும்.

அப்புறம், பேச்சை எப்படி எடுப்பது? கல்யாணத்துக்கு இசைகுடிமானம் என்ற திருமண ஒப்பந்தம் எழுதி, மொய்ப்பணத்துக்கு ஏடு போட்டு, வைத்த சாமானுக்கெல்லாம் பட்டியல் எழுதுகிற வழக்கம் நம்முடையது. அந்தப் பழைய பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருங்கள். அப்பச்சியே பேச ஆரம்பிப்பார்கள்.

பட்டியலைப் பார்க்கும்போது ஒன்று தெரியும். ஆத்தாவுக்கு வந்த கழுத்துருவும் (திருமணத்தில் பூட்டும் தாலி மாலை) வைரத்தோடும் வெள்ளிச் சாமானும் ஆத்தாவின் சொந்தம். அப்பச்சி உயிலில் அவற்றைச் சேர்க்க முடியாது. ஆத்தாவும் தனியாக ஒரு உயில் எழுத வேண்டும். அப்பச்சியோடு அதே நாளில் அவர்களையும் பதிவுக்கு அழைத்துப் போங்கள். இரண்டு உயில்களும் எந்தப் பெட்டகத்தில் இருக்கின்றன, சாவி யாரிடம் என்பதைத் தங்கச்சிக்கும் சொல்லிவிட்டுச் சிங்கப்பூருக்குக் கிளம்புங்கள்.