கேளுங்கள், சொல்கிறேன்: சைகோன் சந்துகளில் ஒரு சாப்பாட்டு நடை

அக்காவும் நானும் 2024 ஜனவரியில் திருச்சியில் விமானம் ஏறி வியட்நாமின் ஹோ சி மின் நகருக்குப் போனதையும், அங்கே ஒரு வழிகாட்டிப் பெண்ணோடு மாலை ஆறு மணியிலிருந்து இரவு பத்து மணி வரை தெருத்தெருவாக நடந்து சாப்பிட்டதையும் போன இதழில் எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதி சாப்பாட்டைப் பற்றி, மீதி வயிற்றைப் பற்றி. முடிந்தவரை பதில் சொல்கிறேன். ஊர்ப் பெயர் 1976இல் மாறிவிட்டாலும் அங்கிருப்பவர்கள் பேச்சில் அது இன்னும் சைகோன்தான். எனக்கும் அதுவே வாயில் வருகிறது.

தெருவில் நின்று சாப்பிட எதற்கு வழிகாட்டி? கையில்தான் போன் இருக்கிறதே! ஆளுக்கு 2,500 ரூபாய் வீண் இல்லையா?
– வாசகர், மதுரை

சாப்பிட்டதை மட்டும் கணக்குப் பார்த்தால் அதில் பாதிகூட வராது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நாங்கள் உட்கார்ந்த கடைகளில் இரண்டுக்குப் பெயர்ப்பலகையே கிடையாது. ஒன்று வீட்டு வாசலில் போட்ட அடுப்பு. இன்னொன்று தள்ளுவண்டி, ஏழு மணிக்கு ஒரு முனை, ஒன்பது மணிக்கு வேறு முனை. போன் அதை எப்படிக் கண்டுபிடிக்கும்?

அப்புறம், பேச்சு. அந்தப் பெண் முதல் கடையில் போய் நின்று "சி ஓய்!" என்று குரல் கொடுத்தாள். அக்கா என் காதில், "எதுக்குடி அந்தம்மாவைச் சீ-ங்கறா?" என்றாள். 'சி' என்றால் அக்காவாம். 'ஓய்' நம் ஊர்க் கூப்பாடு மாதிரியேதான். அண்ணனுக்கு 'ஆன்', தம்பி தங்கைக்கு 'எம்', அத்தை வயதில் இருந்தால் 'கோ', பெரியப்பா பெரியம்மா இருவருக்கும் 'பாக்'. முறை வைக்காமல் அங்கே வாக்கியமே அமையாது. அதனால்தான் பார்த்த உடனே வயதைக் கேட்கிறார்கள். கோபப்படாதீர்கள், உங்களை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரிந்துகொள்ளத்தான். இந்த நாலு சொல்லைக் கற்றுக்கொண்ட பிறகு, மறுநாள் நாங்கள் தனியாகப் போன கடையிலும் எங்களுக்கு இடம் ஒதுக்கிக் கொடுத்தார்கள்.

ரோடு தாண்டுவதையும் அவளிடம்தான் கற்றோம். அந்த ஊரில் பைக் ஆறாக ஓடுகிறது, இடைவெளி வரட்டும் என்று காத்திருந்தால் விடிந்துவிடும். ஒரே வேகத்தில் மெதுவாக நடக்க வேண்டும். ஓடக் கூடாது, முக்கியமாகப் பின்னால் கால் வைக்கக் கூடாது. வண்டிகள் தாமாக விலகிப் போகின்றன.

என் யோசனை ஒன்றுதான்: இந்த நடையைப் போய் இறங்கிய முதல் நாள் மாலையே வைத்துக்கொள்ளுங்கள். பலரும் ஊர் திரும்பும் முன் கடைசி நாளில் வைக்கிறார்கள். கற்றுக்கொண்டதை அப்புறம் எங்கே போய்ப் பயன்படுத்துவது?

நான் சுத்த சைவம். முட்டையும் கிடையாது. பட்டினிதானா?
– வாசகி, கும்பகோணம்

என் அக்காவும் உங்கள் கட்சிதான். அவள் பட்ட பாட்டை அப்படியே சொல்கிறேன்.

பதிவு செய்யும்போதே சைவம் என்று எழுதிக் கொடுத்திருந்தோம். வழிகாட்டிப் பெண்ணும் ஒவ்வொரு கடையிலும் இறைச்சி போடாதே என்று சொன்னாள். போடவில்லை. ஆனால் தொட்டுக்கொள்ள வைத்த கிண்ணத்தில் இருந்தது நுக் மாம், மீன் சாறு. நெத்திலி போன்ற சிறு மீனையும் உப்பையும் பீப்பாயில் போட்டு மாதக்கணக்கில் ஊற வைத்து வடிக்கும் திரவம். நமக்கு உப்பும் புளியும் எப்படியோ அவர்களுக்கு அது அப்படி. பலருக்கு அது மீன் என்ற நினைப்பே இல்லை. அக்கா முகர்ந்து பார்த்தே தள்ளி வைத்துவிட்டாள். அவள் மூக்கு அப்படி!

எனவே "இறைச்சி வேண்டாம்" என்று சொல்வது போதாது. "அன் சய்" என்று சொல்லுங்கள். புத்த முறைச் சைவம் என்று பொருள். இந்த ஒரு சொல்லில் கறி, மீன், மீன் சாறு எல்லாம் விலகிவிடும், பெரும்பாலும் முட்டையும்தான். பிக்குகள் வெங்காயம் பூண்டுகூடச் சேர்ப்பதில்லை. கடைப் பலகையில் 'சய்' என்ற சொல் இருந்தால் தயங்காமல் நுழையலாம்.

இன்னொரு சங்கதி. அங்கே சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் பலர் சைவம் சாப்பிடுகிறார்கள். அதாவது நம் அமாவாசை, பௌர்ணமி! நாங்கள் இருந்த வாரத்தில் ஜனவரி 25 தைப்பூசம். முந்தின நாள் வரை பன்றிக்கறி வாட்டிக்கொண்டிருந்த முனையில், அன்று காலை சோயாக்கட்டியும் காளானும் கீரையும் வைத்துச் சோறு விற்றுக்கொண்டிருந்தார்கள். அக்காவுக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! அதுவும் அரை மணி நேரம்தான். தட்டில் முழு மீன் ஒன்று செதிலோடு வந்து படுத்தது. சோயாவில் செய்த மீன், தோலுக்குக் கடற்பாசித் தாள். எவ்வளவோ சொல்லியும் தொட மாட்டேன் என்றுவிட்டாள். நான் சாப்பிட்டேன். மீன் மாதிரி இல்லை, ஆனால் நன்றாக இருந்தது.

ஆக, நீங்கள் போவதானால் பஞ்சாங்கம் பார்த்து டிக்கெட் போடுங்கள். நடைக்கும் சைவத்துக்கென்றே தனியாக நடத்துபவர்கள் இருக்கிறார்கள். பொது நடையில் சேர்ந்தால் மற்றவர்கள் ஆறு வகை சாப்பிடும்போது நீங்கள் மூன்று வகை சாப்பிடுவீர்கள், கட்டணம் மட்டும் ஒன்றேதான்.

மாட்டிறைச்சி மட்டும் சாப்பிட மாட்டோம். எப்படித் தவிர்ப்பது?
– வாசகர், நாமக்கல்

'போ' என்றால் மாடு. 'ஹெயோ' பன்றி, 'கா' கோழி, 'தோம்' இறால். கடைப்பெயரிலேயே இந்தச் சொல் இருக்கும். எங்களுக்கு முதலில் கொடுத்ததே ஓர் இலையில் சுருட்டி வாட்டிய மாட்டிறைச்சிதான். அந்த இலை நம் வெற்றிலைக்குச் சொந்தக்காரன், மிளகுக் குடும்பம். வாட்டும்போது வரும் வாசனைக்கே கூட்டம் சேருகிறது. நூடுல்ஸ் சூப்பான ஃபோவும் பெரும்பாலும் மாட்டெலும்புச் சாறுதான். கோழி ஃபோ கேட்டு வாங்கலாம்.

வயிற்றுக்கு ஒன்றும் ஆகவில்லையா? உண்மையைச் சொல்லுங்கள்.
– வாசகி, சேலம்

எனக்கு ஆகவில்லை. அக்காவுக்கு ஆனது, ஆனால் அது விடுதியில் சாப்பிட்ட காலை உணவால் என்பது என் கட்சி.

கண்ணெதிரே கொதித்து இறங்குவதைச் சாப்பிடுங்கள். கூட்டம் உள்ள கடையில் பொருள் தங்காது. குழாய்த் தண்ணீர் வேண்டாம். ஐஸைப் பொறுத்தவரை, நடுவில் ஓட்டையோடு உருளையாக இருந்தால் அது தொழிற்சாலையிலிருந்து வருவது, நான் தைரியமாகக் கரும்புச் சாற்றில் போட்டுக் குடித்தேன். (அந்தச் சாற்றில் ஒரு சின்ன ஆரஞ்சுப் பழத்தையும் சேர்த்துப் பிழிகிறார்கள். நம் கரும்புக்கடைக்காரர்கள் கவனிக்க.) பச்சைக் கீரைத் தட்டு மட்டும் அவரவர் துணிச்சல்.

ஆனால் எனக்கு நேர்ந்த கஷ்டம் வேறு. முதல் இரண்டு கடையிலும் கொடுத்த காசு வீணாகக் கூடாதென்று தட்டை வழித்தேன். நாலாவது கடைக்குப் போகும்போது நடக்கவே முடியவில்லை. அந்தப் பெண் ஆரம்பத்திலேயே, "பாதி சாப்பிட்டு எழுந்திருங்கள்" என்றாள். சோற்றை மிச்சம் வைத்தால் அடி விழுந்த வீட்டில் வளர்ந்தவளுக்கு அது எப்படி முடியும்? மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டுப் போங்கள்.

என் கணவருக்கு 66 வயது, மூட்டு வலி. நடக்கலாமா?
– வாசகி, கோவை

நடப்பது பெரிதில்லை. நாலு மணி நேரத்தில் நாங்கள் நடந்தது மூன்று கிலோமீட்டர் இருக்கும், நிற்பதும் உட்காருவதுமாக. உட்காருவதுதான் பாடு. பிளாஸ்டிக் முக்காலி நம் பலகை மணையைவிடக் கொஞ்சம்தான் உயரம், முழங்கால் நெஞ்சைத் தொடும். அக்கா முதல் தடவை எழுந்தபோது இரண்டு பேர் கை கொடுத்தோம். அடுத்த கடையில் ஒரு தாத்தா மூன்று முக்காலியை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி உட்கார்ந்திருந்ததைப் பார்த்து நாங்களும் அப்படியே செய்தோம். யாரும் ஒன்றும் சொல்வதில்லை. நடைபாதையில் பைக் நிறுத்தியிருப்பதால் அடிக்கடி சாலையில் இறங்கி ஏற வேண்டும், அதற்கு நல்ல செருப்பு வேண்டும். மே முதல் நவம்பர் வரை மழை, அதுவும் பெரும்பாலும் பிற்பகலில். டிசம்பர் முதல் ஏப்ரலுக்குள் போவது நல்லது. புத்தாண்டான 'தேத்' வரும் நாட்களில் மட்டும் போகாதீர்கள், பல கடைகளை மூடிவிட்டுச் சொந்த ஊருக்குப் போய்விடுகிறார்கள்.

என் தாத்தா சைகோனில் கடை வைத்திருந்தவர். நம்மவர்கள் அடையாளம் ஏதாவது மிச்சம் இருக்கிறதா?
– வாசகர், தேவகோட்டை

இருக்கிறது. நகரத்தார் கட்டிய தெண்டாயுதபாணி கோயில் தோன் தாட் தியெப் தெருவில் இருக்கிறது. பென் தான் சந்தையிலிருந்து சில நிமிட நடையில், துரோங் தின் தெருவில் மாரியம்மன் கோயில். போனால் கட்டாயம் பாருங்கள். கும்பிட வருகிறவர்களில் பெரும்பாலோர் வியட்நாமியர்களும் சீனர்களும்தான். ஊதுபத்தியைக் கொத்தாகக் கொளுத்தி, நெற்றிக்கு மேல் தூக்கி வணங்குகிறார்கள். சுவரில் நெற்றியை முட்டி நின்று ஏதோ வேண்டிக்கொள்கிறார்கள். அக்கா தனக்குத் தெரிந்த மாரியம்மன் தாலாட்டை வாய்க்குள் முணுமுணுத்தாள், பக்கத்தில் நின்ற அம்மா சிரித்துக்கொண்டே இடம் விட்டார். புதுச்சேரி, காரைக்காலிலிருந்து பிரெஞ்சு ஆட்சியில் போனவர்களும் அங்கே நிறைய இருந்தார்கள்.

சாப்பாட்டில் கேட்டால், 'காரி கா'. கோழிக்கறிதான். மஞ்சள் நிறம், தேங்காய்ப்பால், சர்க்கரைவள்ளிக் கிழங்கு, கூடவே எலுமிச்சைப்புல். பிரெஞ்சு ரொட்டியைப் பிய்த்துத் தோய்த்துச் சாப்பிடுகிறார்கள். காரம் கிட்டத்தட்ட இல்லை. உங்கள் ஊர்க்காரர் வாயில் வைத்தால் கறியா பாயசமா என்று கேட்பார்!

ஹலால் கிடைக்குமா?
– வாசகர், கீழக்கரை

பொதுவான நடையில் சேர வேண்டாம். எங்கும் பன்றி, ஒரே கல், ஒரே கரண்டி. தோங் யூ தெருவில் தென்னிந்திய முஸ்லிம்கள் 1935இல் கட்டிய பள்ளிவாசல் இருக்கிறது, பச்சையும் வெள்ளையுமாகக் கண்ணுக்குக் குளிர்ச்சி. அங்கேயே விசாரிக்கலாம். பென் தான் சந்தைக்கு அருகே இங்குயென் ஆன் நின் தெருவில் ஹலால் சாப்பாட்டுக் கடைகள் வரிசையாக இருக்கின்றன.

நாய்க்கறி போட்டுவிடுவார்களோ என்று பயம்.
– பெயர் வேண்டாம் என்கிறார், விருதுநகர்

தெரியாமல் போட மாட்டார்கள். அது தனிக்கடை, பலகை வைத்து விற்பது, வடக்குப் பக்கம்தான் அதிகம். சுற்றுலா நடையில் அந்தப் பக்கமே போவதில்லை.

உங்களுக்கு எது ரொம்பப் பிடித்தது? ஒன்றே ஒன்று சொல்லுங்கள்.
– வாசகி, சென்னை

ஒன்று சொல்ல முடியாது, இரண்டு.

முதலாவது பான் ஸெயோ. அரிசி மாவில் மஞ்சளும் தேங்காய்ப்பாலும் கலந்து, காய்ந்த சட்டியில் ஊற்றிச் சுழற்றுகிறார்கள். நாம் 'சொய்ங்' என்கிறோமே, அந்தச் சத்தத்துக்கு அவர்கள் வைத்த பெயர்தான் 'ஸெயோ'. உள்ளே இறால், பன்றி, முளைப்பயறு வைத்து மடித்தால் நம் நெய் ரோஸ்ட் போல மொறுமொறுவென்று வரும். ஆனால் மாவைப் புளிக்க வைப்பதில்லை, அந்த ஒரு குறை எனக்கு. கடுகுக் கீரை இலையில் துண்டு வைத்துச் சுருட்டித் தோய்த்துக் கடிக்க வேண்டும். நான் கரண்டியால் சாப்பிடப் போக, கடைக்கார அம்மா கரண்டியைப் பிடுங்கிவிட்டுத் தன் கையால் சுருட்டி என் வாயில் திணித்தார்.

இரண்டாவது கோம் தாம். நொய்யரிசிச் சோறு. நெல் குத்தும்போது உடைந்து விழும் குருணை, ஒரு காலத்தில் விலை போகாமல் ஏழைகள் பொங்கிச் சாப்பிட்டது. இன்றைக்கு சைகோன் என்றால் முதலில் சொல்லும் பெயர்களில் அதுவும் ஒன்று. கரியில் வாட்டிய பன்றிக்கறி, வெங்காயத்தாள் வதக்கிய எண்ணெய், மேலே ஒரு முட்டை. குருணை உதிரியாகவும் இருக்கிறது, சாற்றையும் குடித்துவிடுகிறது. நம் வீட்டில் நொய் என்றால் காய்ச்சல்காரக் கஞ்சி, இல்லாவிட்டால் உப்புமா. ஊருக்கு வந்ததும் ஒரு கிலோ நொய் வாங்கி வடித்துப் பார்த்தேன். குழைந்துவிட்டது. வாசகிகள் யாருக்காவது பதம் தெரிந்தால் எழுதுங்கள்.

பணம், டிப்ஸ் எல்லாம் எப்படி?
– வாசகர், திருநெல்வேலி

நம் ஒரு ரூபாய்க்கு ஏறத்தாழ 300 டாங். தெருக்கடையில் ரொக்கம்தான் கொண்டுபோக வேண்டும். கட்டணத்தில் சாப்பாடு சேர்ந்திருக்கும், கடைகளில் தனியாகக் கொடுக்க வேண்டாம். டிப்ஸ் கட்டாயமில்லை. அந்தப் பெண் கல்லூரியில் படித்துக்கொண்டே இந்த வேலை பார்க்கிறாள் என்பதால் நாங்கள் ஒரு லட்சம் டாங் கொடுத்தோம். லட்சம் என்றதும் பயப்படாதீர்கள், 300 ரூபாய்க்குச் சற்று மேல்.

ஒரே ஒரு எச்சரிக்கை. 20,000 தாளும் நீலம், 5 லட்சம் தாளும் நீலம். மங்கலான தெருவிளக்கில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். மறுநாள் இரவு காபிக் கடையில் 20,000 என்று நினைத்து நான் 5 லட்சத்தை நீட்டினேன், 1,700 ரூபாய்! கடைக்காரப் பையன் அதை என் கையிலேயே மடித்து வைத்துவிட்டு, பர்ஸில் எட்டிப்பார்த்த சரியான தாளைக் காட்டினான். அந்த நிமிடத்திலிருந்து ஊர் திரும்பும் வரை பர்ஸ் அக்காவிடம்.