சோகமாக இல்லை, எரிந்து விழுகிறான்: இது மனச்சோர்வா?

14 வயதுப் பையன் அழுவதில்லை, எதற்கெடுத்தாலும் கத்துகிறான், கால்பந்தையும் விட்டுவிட்டான், இது மனச்சோர்வா என்று கேட்டு எழுதியிருக்கிறீர்கள். இருக்கலாம். அழாமல் கத்துகிறான், அதனால் மனச்சோர்வு இல்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள். பெரியவர்களிடம் சோகமாகத் தெரிவது வளரிளம் பருவத்தில் பல நேரம் எரிச்சலாகத்தான் வெளிவரும். திமிர் என்று திட்டினால் இன்னும் ஒடுங்கிப்போவான்.

நீங்கள் எழுதியதில் எனக்கு உறுத்துவது கோபம் அல்ல. உயிராக இருந்த கால்பந்தை விட்டுவிட்டான் என்பதுதான். வெறும் வயசுக் கோளாறு என்றால் பெரும்பாலும் வீட்டில் முறைப்பான், நண்பர்களோடு சிரிப்பான்.

இதைப் பாருங்கள்: 2 வாரத்துக்கு மேலாக, அநேகமாகத் தினமும், நாளின் பெரும்பகுதி இப்படியா? தூக்கம், சாப்பாடு, படிப்பு, நட்பு இவற்றில் எது மாறியிருக்கிறது? அப்புறம், பக்கத்தில் உட்கார்ந்து "செத்துப்போகலாம் போலத் தோன்றுகிறதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆமாம் என்றால் தனியே விடாதீர்கள், அன்றைக்கே மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்.

ஒரு விஷயம். தைராய்டு கோளாறு, ரத்தசோகை, தூக்கக் குறைவு எல்லாம் இதே மாதிரி தோற்றம் காட்டும். எனவே முதலில் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள், தேவைப்பட்டால் அவரே மனநல மருத்துவரிடம் அனுப்புவார். பள்ளியில் யாராவது அவனைச் சீண்டுகிறார்களா என்றும் மெல்ல விசாரியுங்கள்.