15 வயது ஓட்டக்காரிக்கு மூன்று மாதமாக மாதவிடாய் இல்லை. பயிற்சியால்தான், இயல்பு என்கிறார்கள். உண்மையா?

இயல்பு இல்லை. மைதானத்தில் அப்படித்தான் சொல்வார்கள், நம்பாதீர்கள். பெரும்பாலும் காரணம் ஓட்டமல்ல, ஓட்டத்துக்கு ஈடாகச் சாப்பிடாததுதான்.

48 கிலோ எடையில் கொழுப்பு நீங்கலாக 38 கிலோ என்று வைப்போம். கிலோவுக்கு 45 கலோரி வீதம் 1710. பயிற்சியில் எரியும் 500ஐயும் சேர்த்தால் நாளுக்குச் சுமார் 2200 வேண்டும். பயிற்சியில் எரிந்தது போக மிஞ்சுவது இந்தக் கொழுப்பு நீங்கலான எடையில் கிலோவுக்கு 30 கலோரிக்குக் கீழே போனால் சினைப்பைக்கு மூளை அனுப்பும் ஹார்மோன் குறையும். ஈஸ்ட்ரோஜன் சரியும், எலும்பு உரமேற வேண்டிய வயதில் மெலியும். கணைக்காலில் நுண்முறிவு வருவது இப்படித்தான். எடை குறையாமலேகூட இது நடக்கும்!

பயிற்சி முடிந்த அரை மணிக்குள் இரண்டு வாழைப்பழம், ஒரு தம்ளர் பால். வாராவாரம் எடை பார்ப்பதை நிறுத்துங்கள். மகளிர் மருத்துவரிடம் காட்டி தைராய்டு, ஃபெரிட்டின் (உடலின் இரும்புச்சத்து இருப்பு), வைட்டமின் டி பாருங்கள். மாதவிடாய் வரவைக்கக் கருத்தடை மாத்திரை கொடுத்தால், அதனால் வரும் உதிரப்போக்கு எலும்பைக் காக்காது.