சுவிட்சை அணைத்தும் மேசை விளக்கு மங்கலாக எரிவது ஏன்?

கேள்வி: பாட்டிலில் நானே செய்த விளக்கு. ஒயரில் சுவிட்ச், இரண்டு பின் பிளக், எல்.இ.டி பல்பு. அணைத்தாலும் லேசாக ஒளிர்கிறது.

பல்பில் கோளாறு இல்லை. உங்கள் சுவிட்ச் பேஸை (கரண்ட் வரும் ஒயர்) வெட்டாமல் நியூட்ரலை (கரண்ட் திரும்பும் ஒயர்) வெட்டுகிறது. அதனால் அணைத்த பிறகும் ஹோல்டர் வரை 230 வோல்ட் நிற்கிறது. அருகருகே ஓடும் ஒயர்களின் வழியே கசியும் மிகச் சிறு மின்னோட்டமே எல்.இ.டி மினுங்கப் போதும். மினுக்கத்தைவிட, 'அணைத்துவிட்டோமே' என்று பல்பு மாற்றும்போது ஷாக் அடிப்பதுதான் பெரிய ஆபத்து.

பிளக்கைப் பிடுங்கித் திருப்பிச் செருகிப் பாருங்கள். மினுக்கம் நின்றால் காரணம் உறுதி. ஆனால் இது தீர்வல்ல, நாளை யாராவது மாற்றிச் செருகுவார்கள். மூன்று பின் பிளக் போட்டு, எல் (L, பேஸுக்கான குறி) என்று பொறித்த பின்னிலிருந்து வரும் ஒயரைச் சுவிட்ச் வழியாக ஹோல்டருக்குக் கொண்டுபோங்கள். மரை ஹோல்டர் என்றால் பேஸ் நடு முனைக்குத்தான் போக வேண்டும். மரைக்குப் போனால் கைபடும் இடத்தில் கரண்ட்.

பிளக்கைக் கழற்றி, பல்பையும் எடுத்துவிட்டு, மல்டிமீட்டரை இணைப்பு இருந்தால் 'பீப்' ஒலிக்கும் நிலையில் வைத்து, அதன் முனைகளை எல் பின்னிலும் மரை ஹோல்டரின் நடு முனையிலும் வையுங்கள்: சுவிட்ச் போட்டால் ஒலிக்க வேண்டும், அணைத்தால் கூடாது. அணைத்தும் ஒலித்தால் இன்னும் நியூட்ரல்தான் வெட்டுப்படுகிறது. உலோக உடல் என்றால் எர்த் ஒயர் கட்டாயம்.